வீட்டிலேயே படிக்கும் மகளை இளையோர் பேண்டில் சேர்ப்பார்களா?

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். மகளுக்கு 12 வயது, படிப்பு வீட்டில்தான். கிளாரினெட்டில் 3ஆம் கிரேட் முடித்துவிட்டாள். சனிக்கிழமை பேண்டுக்கான படிவத்தில் பள்ளியின் பெயர் கேட்கிறார்கள். என்ன எழுதுவது?

பதில்: வீட்டுக்கல்வி என்றே எழுதுங்கள் அக்கா. 1996 கல்விச் சட்டமே அனுமதிக்கிறது, ஒளிக்க என்ன இருக்கிறது? என் மகனிடம் கிரேடை மட்டும்தான் கேட்டார்கள்.

இன்னொரு பதில்: படிவத்தை விடுங்கள். என் மகள் தனியாகவே வாசித்துப் பழகியவள். முதல் நாள் பேண்ட் மாஸ்டர் 'கான்சர்ட் பி ஃபிளாட்' (அதாவது பியானோவில் பி ஃபிளாட்டாக ஒலிக்கும் ஸ்வரம்) என்றதும் தன் தாளில் உள்ள பி ஃபிளாட்டையே ஊதிவிட்டாள். வழக்கமான பி ஃபிளாட் கிளாரினெட் தாளில் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும்; அதனால் அதில் அதற்கு சி வாசிக்க வேண்டும். பாவம், காது சிவந்துபோய் வந்தாள். அப்புறம், துணி மாட்டும் கிளிப் நாலு கொடுத்துவிடுங்கள். பூங்காவில் வாசித்தால் தாள் பறக்கும்.

கேட்டவர்: சி-யா! சரி, இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.