யூடெக்டிக்: 'எளிதுருகு' வேண்டாம், 'கடையுருகு' வைக்கலாம்

ஐயா, வணக்கம்.

பொருள்களைக் கலக்கும்போது எந்த விகிதத்தில் உருகுநிலை மிகமிகக் குறைவாக இருக்கிறதோ, அந்தக் கலவைதான் யூடெக்டிக். அதற்குத் தமிழில் 'எளிதுருகு கலவை' போதும் என்று நம் கலைச்சொல் உரையாடலில் நீங்கள் எழுதியதைப் படித்தேன். 1884-இல் ஃபிரெடரிக் கத்ரி கிரேக்கத்திலிருந்து அந்தச் சொல்லை ஆக்கியபோது 'எளிதில் உருகுவது' என்றுதான் பொருள் கொண்டார், சரி. ஆனால் எளிதில் உருகுவது வேறு, இதற்குக் கீழே உருகவே உருகாது என்கிற எல்லை வேறு. மாணவருக்குப் பதிய வேண்டியது இரண்டாவது. அதனால்தான் 'கடையுருகு கலவை', 'கடையுருகுநிலை' என்று கேட்கிறேன்.

மண்டபம் கடற்கரையில் மீனுக்கு ஐஸ் உடைக்கிறவர்களுக்குத் தெரிந்ததையே எடுத்துக்கொள்வோம். உடைத்த ஐஸில் உப்பைப் போட்டால் ஐஸ் சீக்கிரம் கரையும், ஆனால் குளிர் இன்னும் கூடும், ஏனென்றால் உருகத் தேவையான வெப்பத்தை அந்தக் கலவை தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. (குல்ஃபி உறைய இது நல்லது, ஆனால் மீன் பெட்டியில் உப்பு அதிகம் விழுந்தால் மீனே உறைந்து விறைத்துவிடும்.) உப்பு கூடக் கூட உருகுநிலை இறங்கும், எடையில் சுமார் 23 சதவீதம் உப்பு வந்ததும் மைனஸ் 21 டிகிரியில் நின்றுவிடும், அப்புறம் எவ்வளவு கொட்டினாலும் இறங்காது. இறங்குவதற்கு 'உறைநிலைத் தாழ்வு' என்ற சொல் பாடநூலிலேயே இருக்கிறது, இறக்கம் முடிகிற இடத்துக்குத்தான் இன்னும் சொல் இல்லை. அந்த இடமும் பொருளுக்குப் பொருள் மாறும். வாலிநோக்கம் மாதிரி உப்பளங்களில் உப்பெடுத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு உண்டு, அது தண்ணீரோடு சேர்ந்தால் கடை மைனஸ் 33 டிகிரி வரை போகும்.

பற்றாசையும் (உலோகத் துண்டுகளை ஒட்டவைக்க உருக்கி ஊற்றும் சால்டர்) பாருங்கள். வலைக்குண்டு வார்க்கிற ஈயம் தனியாக 327 டிகிரியில் உருகும், வெள்ளீயம் 232-இல். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் சேர்த்தால் 183-இலேயே மொத்தமும் உருகிவிடும். பாதிக்குப் பாதி கலந்தால் அதே 183-இல் உருகத் தொடங்கினாலும் 215 வாக்கில்தான் முழுக்க உருகும், இடையில் கூழாகவே கிடக்கும்.

இந்த 'மொத்தமும் ஒரே சூட்டில்' என்பதை வைத்துத்தான் இந்த உரையாடலில் ஓர் அம்மா யூடெக்டிக்குக்கு 'ஒருங்குருகு' என்று சொன்னார்கள். அழகான சொல், ஆனால் அதை வேறொன்றுக்கு எடுத்துவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு சேர்மம் சிதையாமல், தன் இயைபு மாறாமல் உருகுவதற்கும் நமக்குச் சொல் வேண்டும், அதற்கு 'ஒருங்குருகு' மிகவும் பொருந்தும்.

'கடை' என்றால் பெட்டிக்கடை நினைவு வரும் என்று இங்கே ஒரு தம்பி எழுதியிருந்தார். கடைநிலை ஊழியர், கடைக்கோடி என்றெல்லாம் சொல்லும்போது யாருக்கும் அந்தக் குழப்பம் வருவதில்லையே. சேர்த்து எழுதினால் போதும்.

எனக்கு இன்னும் தீராதது யூடெக்டாய்டு, அதாவது 'யூடெக்டிக் போன்றது'. 0.77 சதவீதம் கார்பன் உள்ள எஃகில் 727 டிகிரியில் ஒரு திண்மம் இரண்டு திண்மங்களாகப் பிரிகிறது, அங்கே எதுவும் உருகவில்லை, ஆகவே 'கடையுருகு' போன்றது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 'கடைமாறுநிலை' என்று வைத்தால் ஒத்துவருமா? உலோகவியல் பாடம் நடத்துகிறவர்கள் முதலில் சொல்லுங்கள்.