ஃபெர்ரகாமோ காலணிக் கடையை நிலைநிறுத்தியது மாளிகையா, குடும்பமா?

பழமனை நேசன்:
இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஸ்பினி ஃபெரோனி மாளிகையின் கட்டுமானம் 1289-இல் தொடங்கியது. 1933-இல் திவாலான காலணிக் கலைஞர் சால்வத்தோரே ஃபெர்ரகாமோ, ஐந்தே ஆண்டுகளில் அம்மாளிகையை விலைக்கு வாங்கினார். வேறொருவராக இருந்தால் கைக்கு வந்த பணத்தை இயந்திரங்களில் போட்டிருப்பார். கடை இன்றுவரை நிலைத்ததற்கு அந்த முகவரியே முதற்காரணம் என்பது என் கருத்து.

கைவினைப் பித்தன்:
மறுக்கிறேன். ஹாலிவுட்டில் திரை நட்சத்திரங்களுக்குக் காலணி செய்து பெயர் பெற்றிருந்த அவர், தேர்ந்த கைவினைஞர்களைத் தேடித்தான் 1927-இல் ஃபிளாரன்ஸ் வந்தார். எத்தியோப்பியா மீது படையெடுத்ததற்காக இத்தாலிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டு, உள்ளங்கால் வளைவைத் தாங்கும் தகட்டுக்கு நல்ல எஃகு கிடைக்காமல் போனபோது, குதிகாலுக்கும் பாதத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தைக் கார்க்கால் நிரப்பி, ஆப்பு வடிவக் குதிகாலை உருவாக்கினார். இவையெல்லாம் மாளிகையை வாங்குவதற்கு முன்பே நடந்தவை. மாளிகை அவ்வெற்றியின் விளைவேயன்றிக் காரணமன்று.

பழமனை நேசன்:
1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை, மாளிகையை ஒட்டிய சாந்தா திரினிதா பாலத்தைத் தகர்த்தது; மாளிகை தப்பியது. 1960-இல் ஃபெர்ரகாமோ இறந்தபோது குடும்பத்துக்குப் பிடிமானமாக அதுதானே இருந்தது?

கைவினைப் பித்தன்:
பிடிமானமாக இருந்தவர் அவருடைய மனைவி வாண்டா. அதுவரை தொழிலில் ஈடுபடாத, ஆறு பிள்ளைகளின் தாயான அவர் பொறுப்பேற்றார்; மூத்த மகள் ஃபியாம்மா காலணி வடிவமைப்பைத் தொடர்ந்தார். மாளிகையே ஒரு குடும்பத்தைக் காக்குமென்றால், அதைக் கட்டிய ஸ்பினி குடும்பமும் பின்னர் வாங்கிய ஃபெரோனி குடும்பமும் அதை ஏன் இழந்தன? ஸ்பினிகள் சாதாரணமானவர்களல்லர், போப்பாண்டவருக்கே வங்கியாளர்களாக இருந்தவர்கள். இன்று கட்டடத்தின் பெயரில் மட்டுமே இருக்கிறார்கள்.

பழமனை நேசன்:
வலுவான வாதம்தான். ஆயினும் 2011-இல் நிறுவனம் மிலான் பங்குச் சந்தைக்குச் சென்றது. அதற்கு முன்பே தலைமை நிர்வாகப் பொறுப்புக்கு வெளியார் வந்துவிட்டனர். 1995-இல் மாளிகையில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் இல்லையென்றால், நிறுவனரின் காலணிகளையும் புகழ்பெற்ற வாடிக்கையாளர்களின் மரத்தாலான கால் அச்சுகளையும் மக்கள் எங்கே போய்ப் பார்ப்பார்கள்?

கைவினைப் பித்தன்:
அந்த அச்சுகளை எறியாமல் காத்ததும், அருங்காட்சியகம் அமைத்ததும் அக்குடும்பம்தான். மாளிகை அவற்றுக்கு இடம் கொடுத்தது, அவ்வளவே.