ஹெரால்டுக்கு நாலு சக்கர டிரைவ் போடலாமா, பின் சக்கரத்தோடயே விடலாமா?

முடிச்சூர்க்காரன்:

வணக்கம். வீட்டுக்குள்ள மூணு வாரமா ஓடுற சண்டைய இங்க கொண்டு வந்துட்டேன், பொறுத்துக்கணும்.

வண்டி 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ரெண்டு கதவு, 948 சிசி. அப்பா பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ்ல அசெம்பிளியில இருந்தவர், 1979ல செகண்ட் ஹேண்டா வாங்கினார். 2004ல இருந்து ஓடல. 2015 டிசம்பர்ல அடையாத்துத் தண்ணி எங்க தெருவுக்குள்ள வந்தப்ப ரெண்டு நாள் சீட் மட்டத்துக்கு முங்கிக் கிடந்தது. இப்போதான் எனக்குக் கையில கொஞ்சம் காசும் நேரமும் வந்திருக்கு. போன மாசம் போல்ட்டெல்லாம் கழட்டி, அஞ்சாறு பேர் சேர்ந்து பாடியைத் தூக்கி ஓரமா வச்சாச்சு. சேசிஸ் (அடிச்சட்டம்) தனியா போர்ட்டிகோவுல நிக்குது.

அங்கதான் வினை. அக்கா பையன் ஒரகடத்துல ஒரு கம்பெனில டிசைன்ல இருக்கான். வந்து டேப் வச்சு அளந்தான். "மாமா, ஹெரால்டு வீல்பேஸ், அதான் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல தூரம், 2324 மில்லிமீட்டர், மாருதி ஜிப்ஸி ஜீப்புக்கு 2375. ரெண்டே இன்ச்! ஒரு ஜிப்ஸி சேசிஸ் பிடிச்சு இந்த பாடியை அது மேல உக்கார வச்சா நாலு சக்கரமும் இழுக்கும், மழைக்காலத்துலயும் ஜம்முனு போலாம்"ங்கிறான். ஸ்பேர் எல்லா இடத்துலயும் கிடைக்கும், ஹெரால்டு பின் ஆக்சில் (அச்சு) வேலை தெரிஞ்ச மெக்கானிக் இன்னிக்கு யாரு இருக்காங்கன்னும் கேக்குறான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

அப்பாவுக்கு 82. "ஹெரால்டுக்கு ஜிப்ஸி காலா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதுக்கப்புறம் பேரன்கூட பேச்சே இல்ல.

எனக்கு உண்மையில உறுத்துறது மழை இல்ல. 1988ல ஏலகிரி மலை இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவுல அப்பா சட்டுனு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தார். வண்டியோட பின்பக்கத்தை யாரோ தூக்கிவிட்ட மாதிரி எழும்பி, விலகி, தடுப்புச் சுவர் பக்கம் போய் நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அம்மா அந்த வண்டில அதுக்கப்புறம் ஏறவே இல்ல, திருப்பத்தூர் வரைக்கும் பஸ்ல வந்தாங்க. நாலு சக்கர டிரைவ் இருந்தா அந்த பயம் போகுமா? பின் சக்கர டிரைவையே வச்சுக்கிட்டா என்ன செய்யணும்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பட்டறைவாசி:

தம்பி, ரெண்டு இன்ச்சுல நிக்குதுன்னதும் ஆசை வரும். வரட்டும். டேப்பைக் கீழ வச்சிட்டு சேசிஸ் பக்கத்துல குந்தி உக்காந்து பாருங்க. ஹெரால்டு சேசிஸ் முதுகெலும்பு மாதிரி நடுவுல ஓடும், ஃப்ளோர் அதுக்கு ரெண்டு பக்கமும் தாழ இறங்கி இருக்கும். ஜிப்ஸி சேசிஸ் ஏணி மாதிரி. அந்த ரெண்டு ரெயில் மேல உங்க பாடியை வச்சா ஃப்ளோரை வெட்டணும், இல்லன்னா வண்டி முழுக்க மேல ஏறி நிக்கும். முன்னாடி ஜிப்ஸிக்கு குறுக்கே போற ஒத்த ஆக்சில், அதுக்கு மேல இன்ஜின். அதைத் தாண்டி ஹெரால்டு பானெட் மூடாது. அந்த பானெட்டே சேசிஸ் மூக்குல ஹிஞ்ச் போட்டு முன்பக்கமா சாயுற பானெட். ஹிஞ்சுக்கும் புதுசா இடம் செய்யணும். கடைசில உங்ககிட்ட மிஞ்சுறது ஹெரால்டு முகமூடி போட்ட ஜிப்ஸி.

இன்னொண்ணு. 25 அடிக்குள்ள வட்டம் போட்டுத் திரும்புற வண்டி அது. சின்ன வயசுல சென்னை ஜி.பி. ரோட்டுல வேலை பாத்தேன். டெலிவரி வண்டி நெரிசலுக்கு நடுவுல ஹெரால்டு ஒரே வெட்டுல யூ டர்ன் அடிக்கிறதப் பாத்து அம்பாசிடர் டிரைவருங்க திட்டுவாங்க. முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தா அந்தத் திருப்பம் போச்சு.

இப்ப உங்க பயத்துக்கு வருவோம். பின் சக்கரம் இழுக்குறதால வந்த கோளாறு இல்ல அது. ஹெரால்டுல பின் சக்கரம் ஸ்விங் ஆக்சில்ல தொங்குது. நடுவுல டிஃப்ரன்ஷியல், அதாவது ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர் பெட்டி; அதுல ஒரு மூட்டு, அவ்வளவுதான். சக்கரம் மேலயும் கீழயும் போறப்ப சாய்வும் மாறும். வேகமா திரும்புறப்ப திடீர்னு காலை எடுத்தா பின்பக்கம் லேசாகி எழும்பும், வெளிப்பக்க சக்கரம் உள்ள மடங்கும், பிடிப்பு போயிடும். முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கு பவர் கொடுத்தாலும் பின்னாடி அதே ஆக்சில் இருந்தா அதே கதைதான்.

இதுக்கு மருந்து வேற இருக்கு. இங்கிலாந்துல 1970ல வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 ஸ்போர்ட்ஸ் காருக்கு, பின் பட்டை ஸ்பிரிங்கை டிஃப்ரன்ஷியல் மேல ஆடுற மாதிரி மாத்திட்டாங்க. ஸ்விங் ஸ்பிரிங்னு பேரு. ஹெரால்டுக்கும் அது பொருந்தும், கூடவே முன்னாடி கொஞ்சம் தடிச்ச ஆன்ட்டி ரோல் பார் (வளைவுல வண்டி ரொம்ப சாயாம பிடிக்கிற கம்பி) போடணும். நம்ம ஊர்லயே 1972ல ஹெரால்டுக்கு அடுத்து ஸ்டாண்டர்டு கசெல் கார் வந்தப்ப ஸ்விங் ஆக்சிலை எடுத்துட்டு நேர் ஆக்சில் போட்டாங்க. அப்பாவைக் கேளுங்க, அவர் கையாலயே பூட்டியிருப்பார்.

கடைசியா, முக்கியமா: முன் சக்கரத்துல அடியில ட்ரன்னியன்னு ஒரு மூட்டு இருக்கும், ஸ்டீரிங் திருப்பினா சக்கரம் அதுலதான் திரும்பும். அதுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விடணும். கிரீஸ் நிப்பிள் மாதிரியே இருக்குறதால எல்லாப் பயலும் கிரீஸ் அடிச்சிருப்பான். உள்ள தேஞ்சு, துரு ஏறி, ஒருநாள் சக்கரம் மடிஞ்சு உக்காந்துடும். எந்த டிரைவ்னு அப்புறம் பேசலாம். முதல்ல அதைக் கழட்டிப் பாருங்க.

ரெண்டாம்கியர்:

பேசாம நாலு சக்கர டிரைவோட வர்ற மாருதி ஜிம்னி ஒண்ணு வாங்கிட்டு, அப்பா வண்டியை அப்பாகிட்டயே விட்டுடுங்க பாஸ். செலவு கிட்டத்தட்ட ஒண்ணுதான் ஆகும் 😄

போரூர் ஜீப்:

என்கிட்ட 25 வருஷமா சிஜே 3பி ஜீப் இருக்கு, அதனால நாலு சக்கரத்துக்கு எதிரி இல்ல. ஆனா ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுறேன். ஜீப்பு, ஜிப்ஸி எல்லாம் பார்ட் டைம் வகை, வேணுங்கிறப்ப மட்டும் லிவர் போட்டு நாலையும் பூட்டுறது. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல டிஃப்ரன்ஷியல் கிடையாது. வளைவுல முன் சக்கரம் பின் சக்கரத்தை விட அதிக தூரம் ஓடணும். காஞ்ச தார் ரோட்டுல நாலையும் பூட்டிட்டுத் திருப்பினா அந்த வித்தியாசம் போக வழி இல்லாம ஷாஃப்ட், கிராஸ், பவரை முன்னாடியும் பின்னாடியும் பிரிச்சு அனுப்புற டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் முறுக்கேறும், லிவர் வெளிய வராது. சேறு, மணல்ல சக்கரம் வழுக்கி அந்த முறுக்கு அவிழ்ந்துடும். ஆக ஏலகிரி தார் ரோட்டுல உங்க ஜிப்ஸி ஹெரால்டும் பின் சக்கரத்துலதான் ஓடணும்.

எப்பவும் நாலும் இழுக்குறது வேற சாமான். ரோட்டு கார்ல அதை முதல்ல விற்பனைக்குக் கொண்டு வந்தது 1966ல ஜென்சன் எஃப்எஃப், மொத்தமே 320 வண்டி செஞ்சாங்க. பரவலா பேச வச்சது 1980ல வந்த ஆடி குவாட்ரோ. அந்த மாதிரி வண்டியை ரெஸ்டோர் பண்றவன் அதோட டிரைவை அப்படியே காப்பாத்தணும். ஹெரால்டு வச்சிருக்கவன் ஹெரால்டோடத.

அப்புறம் வெள்ளம். நாலு சக்கரம் இருந்தா தண்ணில போலாம்னு நினைக்கிறது பெரிய ஏமாத்து. தண்ணில வண்டி நிக்கிறது டிஸ்ட்ரிபியூட்டரும் கார்புரேட்டரும் குடிக்கிறதால. சூடான ஆக்சில் சட்டுனு குளிர்ந்தா பிரீதர்ங்கிற காத்து ஓட்டை வழியா தண்ணிய உள்ள உறிஞ்சும். மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் என் ஜீப்போட ரெண்டு ஆக்சில்லயும் ஆயில் பால் டீ கலர்ல வந்துச்சு. நாலு சக்கரம்னா வடிகட்ட ரெண்டு ஹவுசிங், அதுதான் மிச்சம்.

ஃபைல்கட்டு:

வண்டி வேலை எனக்குத் தெரியாது, பேப்பர் தெரியும். ஆர்.சி.ல இருக்குற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்துறதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்குது. ஜிப்ஸி சேசிஸ் போட்டா சேசிஸ் நம்பர் ஜிப்ஸியோடது, ஆர்.சி. ஹெரால்டோடது. இன்ஸ்பெக்டர் முன்னாடி எந்த வண்டின்னு காட்டுவீங்க?

2021ல வந்த விண்டேஜ் விதியும் இருக்கு. 50 வருஷம் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இல்லாம இருக்கணும். புதுப் பதிவுக்கு ரூ.20,000, பத்து வருஷம் செல்லும், நம்பர்ல வி.ஏ.ன்னு வரும். ஆனா அதுல பதிஞ்சா கண்காட்சி, ராலி மாதிரி விஷயத்துக்குத்தான் எடுக்கலாம், தினமும் காய்கறி வாங்கப் போக முடியாது சார். ஓட்டுறதுதான் ஆசைன்னா பழைய ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் பாருங்க.

முடிச்சூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பட்டறைவாசி அண்ணே, நேத்து ட்ரன்னியனைக் கழட்டினேன். இடது பக்கம் கல்லு மாதிரி இறுகின கிரீஸ், அதுக்குப் பின்னாடி துரு, மரை பாதி தேஞ்சே போச்சு. வலது பக்கத்துல கொஞ்சம் ஆயில் வாசனை இருந்துச்சு. அப்பா ஈசிசேர்ல இருந்தே, "வலது நான் செஞ்சது, இடது சர்வீஸுக்கு விட்டப்போ எவனோ அடிச்சது"ன்னார். அது உண்மையா, வலதும் அதிர்ஷ்டமான்னு எனக்குத் தெரியாது.

கசெல் கதையைக் கேட்டதும் மனுஷன் ஒரு மணி நேரம் பேசினார். அந்த வேகத்துல ஏலகிரியையும் கேட்டுட்டேன். கொஞ்ச நேரம் ஃபேனைப் பாத்துட்டு, "முன்னாடிய விட பின்னாடி காத்து கூட வைக்கணும். அன்னிக்கு வாணியம்பாடில பங்க்குக்காரன் நாலுக்கும் ஒரே காத்து வச்சான். நானும் பாக்கல"ன்னார். 37 வருஷம் கழிச்சு. அம்மா அடுக்களைல இருந்து ஒண்ணும் சொல்லல. டம்ளர் வைக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமா வந்துச்சு.

ஆக, பின் சக்கரம்தான். ஹெரால்டு சேசிஸ்தான். அக்கா பையன்கிட்ட அவுட்ரிகர் (சேசிஸ்ல இருந்து பக்கவாட்டுல நீண்டு பாடியைத் தாங்குற கை) நாலும் துரு பிடிச்சிருக்கு, அளந்து புதுசா வரைஞ்சு கொடுடான்னு கேட்டேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே டேப்பை எடுத்துட்டு வந்தான். தாத்தாவும் பேரனும் இப்போ எத்தனை கேஜ் தகடுன்னு சண்டை போடுறாங்க. அந்த அளவுக்குப் பேச்சு வந்தாச்சு.

ஸ்விங் ஸ்பிரிங்கை இங்கிலாந்துல இருந்துதான் வரவழைக்கணும் போல. முன் பக்கத்து வெர்ட்டிகல் லிங்க் (ட்ரன்னியன்ல மரை ஏறுற தண்டு), இடது, நல்ல மரையோட புதுப்பேட்டைல யார்கிட்டயாவது இருக்கா? சனிக்கிழமை காலைல வர்றேன். அப்பாவும் வர்றேன்னு சொல்றார், அதனால பைக்கை நிறுத்தவும் பக்கத்துல அவர் உக்காரவும் இடம் இருக்குற கடையா இருந்தா நல்லது.