மரத்துல ஆப்பிள் ஏன்? (குடும்ப வாட்ஸ்அப் குழு)

*அத்தை:* கிறிஸ்துமஸ் மரம் புறஜாதிப் பழக்கம், பைபிள்ல எரேமியா 10-ம் அதிகாரம் தடுக்குதுன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. பிள்ளைங்களுக்கு என்ன பதில் சொல்றதுண்ணா?

*பெரியப்பா:* அதுல 3, 4 வசனத்தை மட்டும் போட்டிருப்பாங்கம்மா, காட்டு மரத்தை வெட்டி வெள்ளி பொன்னால அலங்கரிக்கிறாங்கன்னு வரும். 5-ம் 9-ம் சேர்த்துப் படி. அந்த மரத்துக்குப் பேச வராது, நடக்க வராது, தூக்கிட்டுத்தான் போகணும். நீலமும் இரத்தாம்பரமும் உடுத்தி விடுறாங்க. தச்சன் செதுக்குன விக்கிரகம் அது. கிறிஸ்துமஸ் மரம் வந்ததே அதுக்கு ரொம்ப நூற்றாண்டு கழிச்சு.

*அண்ணன்:* அப்போ எங்கிருந்து வந்துச்சு? ஜெர்மனியில மறைபரப்பின புனித போனிப்பாஸ், புறஜாதியார் கும்பிட்ட ஓக் மரத்தை வெட்டினதும் அங்க ஃபிர்ங்கிற ஊசியிலை மரம் முளைச்சதுன்னு சொல்றாங்களே?

*பெரியப்பா:* ஓக்கை வெட்டினது பழைய வரலாற்றுல இருக்கு. 723 வாக்குல, கைஸ்மார்ங்கிற ஊர்ல. அந்த மரத்தோட பலகையிலயே பேதுரு பேர்ல ஜெபக்கூடம் கட்டினார். ஃபிர் மரம் பின்னால சேர்ந்த கதை. சீர்திருத்த சபையைத் தொடங்கின மார்ட்டின் லூத்தர் மரத்துல மெழுகுவர்த்தி ஏத்தினார்ங்கிறதுக்கும் அவர் காலத்துச் சான்று கிடையாது. ரெண்டையும் வரலாறுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்காதீங்க.

*பெரியப்பா:* வேர் டிசம்பர் 24-ல இருக்கு. அன்னிக்கு ஆதாம் ஏவாள் நினைவு நாள். ஜெர்மன் ஊர்கள்ல அவங்க விலக்கின கனியைச் சாப்பிட்ட ஏதேன் தோட்டத்து நாடகம் போடுவாங்க. குளிர்காலத்துல பச்சையா நிக்கிறது ஃபிர்தான், அதுல ஆப்பிளைக் கட்டித் தொங்கவிட்டா ஏதேன் மரம் ஆயிடும். 1605-ல ஸ்ட்ராஸ்பூர்க் நகர வீடுகளைப் பத்தின குறிப்புலயும் ஃபிர் மரம், காகித ரோஜா, ஆப்பிள், அப்பம், தங்கத் தகடு, இனிப்பு எல்லாம் வருது.

*அக்கா:* அப்பம்னா கோயில் பூசையில தர்ற நற்கருணை அப்பமா பெரியப்பா?

*பெரியப்பா:* அதே மாதிரி மெல்லிசு அப்பம்மா, ஆனா பூசையில அர்ச்சிக்காதது. அழகே அதுலதான் இருக்கு. சாவு கொண்டுவந்த கனியும் உயிர் தர்ற அப்பமும் ஒரே கிளையில தொங்குது. ஏதேன் மரமும் சிலுவை மரமும் ஒண்ணா நிக்கிற மாதிரி. பக்தி முயற்சிகள் பத்தி 2001-ல வந்த வத்திக்கான் வழிகாட்டியும் இந்த ரெண்டு மரத்தையும்தான் சொல்லுது. மரத்தடிப் பரிசுகள்ல ஏழைங்களுக்கும் ஒண்ணு இருக்கணும்னும் அதுலயே இருக்கு. அதை விட்டுடாதீங்க.

*அக்கா:* இந்த வருஷம் அப்படியே கட்டலாம். ஆப்பிளை எப்படித் தொங்கவிடுறது? காம்புல நூல் கட்டினா ரெண்டு மூணு நாள்ல பழம் சுருங்கிக் கழண்டு விழுமே.

*அத்தை:* காம்பை நம்பாதே. நடுவுல மேலிருந்து கீழ மெல்லிசு கம்பியைக் குத்தி இறக்கி, அடியில மடக்கி விடு. சின்னப் பழமா எடு. தண்டை ஒட்டித் தொங்கவிடு, கிளை நுனியில போட்டா வளைஞ்சிடும். செயற்கை மரத்தோட கம்பிக் கிளைன்னா இன்னும் சீக்கிரம் தொய்யும். கம்பி குத்தின பழம் வாரத்துல அழுக ஆரம்பிக்கும், மாத்திடணும்.

*அண்ணன்:* அப்பத்துல ஓட்டை போட்டா நொறுங்குது. நூலைக் குறுக்கும் நெடுக்குமா சிலுவை மாதிரி சுத்திக் கட்டலாமா?

*அத்தை:* கட்டலாம், ரொம்ப இழுக்காதே. காத்துல ஈரம் இருந்தா நமுத்து வளையும், அதனால 24 அன்னிக்குத்தான் ஏத்தணும். கிடைக்கலைன்னா வட்ட பிஸ்கட் போதும். வெட்டின மரம்னா அடியில 2 செ.மீ. அறுத்துட்டு உடனே தண்ணியில வை. வெட்டு வாய்ல பிசின் அடைச்சுட்டா தண்ணி ஏறாது, ஊசி இலை காஞ்சு கொட்டும். மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம், சீரியல் பல்பு போதும்.

*அக்கா:* எப்போ எடுக்கணும்?

*பெரியப்பா:* ஜனவரி 6, ஞானிகள் குழந்தை இயேசுவைப் பார்த்த திருக்காட்சித் திருநாள் வரைக்கும் நிக்கட்டும்மா. உச்சியில இருக்கிறது ஞானிகள் பார்த்த நட்சத்திரம், அவங்க வந்து சேர்றதுக்குள்ள இறக்கக் கூடாது.