தினசரி உடுப்பும் செருப்பும்: உங்களுக்கு எது ஒத்துவந்தது?

பாலாற்றங்கரை:

போன வாரம் வேலூர் கிரீன் சர்க்கிளில் பஸ்ஸை விட்டு இறங்கிய நொடியில் வலது செருப்பின் வார் பிய்ந்துகொண்டது. வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது, விலை ஆயிரத்தைத் தாண்டியது. உச்சி வெயில், கொதிக்கிற தார் ரோடு. ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டே போய், பிளாட்பாரத்தில் செருப்புத் தைக்கிற பெரியவரிடம் கொடுத்தேன். வாரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, அட்டை மேல பெயின்ட் அடிச்சி வித்துக்கிறான்" என்றார். நாலு தையல், முப்பது ரூபாய். செருப்பில் இப்போது உறுதியாக இருப்பது அந்த நாலு தையல் மட்டும்தான்.

எனக்கு எரிச்சலே இதுதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம்மைச் சுற்றிலும் தோலும் ஷூவும். இங்கே தைத்த ஷூ கப்பல் ஏறி ஐரோப்பா, அமெரிக்கா போகிறது. காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிற எனக்கு, ஒரு வருஷம் தாங்குகிற ஜோடி அமையவில்லை.

துணியில் ஒருவழியாகத் தேறிவிட்டேன். அரசு ஊழியர்கள் சுடிதார், துப்பட்டா போடலாம் என்று 2019-ல் ஆணை வந்ததிலிருந்து வாரத்தில் மூன்று நாள் சுடிதார்தான். லெக்கின்ஸ் ட்வின் பேர்ட்ஸ் அல்லது பிரிஸ்மா, இரண்டுமே திருப்பூர்ச் சரக்கு. துவைக்கத் துவைக்க முழங்கால் பக்கம் பை மாதிரி தொங்காமல் இருப்பதே எனக்குப் பெரிய விஷயம். டாப்ஸ் ட்ரெண்ட்ஸில் அவாசா. தள்ளுபடி போட்டால் ஆரேலியா. சேலை என்றால் கோ-ஆப்டெக்ஸ். எங்களுக்கு வட்டியில்லாத் தவணை உண்டு, தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடியும் சேர்ந்துகொள்ளும்.

காலுக்குத்தான் வழி தெரியவில்லை. நீங்கள் என்ன போடுகிறீர்கள், எதில் ஏமாந்தீர்கள், சொல்லுங்கள்.

ஹாஸ்டல் வாசி:

அக்கா, நான் காலேஜ். என் பட்ஜெட்டுக்கு ஜூடியோதான், பெரும்பாலும் எல்லாமே ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். கிளாஸுக்கு பிளைட் பிராண்ட் செருப்பு, மழை வந்தாலும் கவலை இல்லை.

ஏமாந்தது ரேயான் குர்த்தியில். ஆன்லைனில் வாங்கினேன், பிராண்ட் பெயர் வேண்டாம். முட்டிக்குக் கீழே வந்தது, முதல் துவைப்பிலேயே முட்டிக்கு மேலே ஏறிவிட்டது. ரூம்மேட்டுக்கு உயரம் குறைவு, அவளிடம் கொடுத்தேன். அவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. அதுதான் இன்னும் கடுப்பு.

நைட் ஷிப்ட்:

நான் நர்ஸ், பன்னிரண்டு வருஷமாக வார்டு வேலை. ஒரு ஷிப்டில் உட்காருவது சாப்பிடும் நேரம் மட்டும்தான். அதனால் துணிக்குச் செலவு பண்ணுவதைவிட ஷூவுக்கு அதிகம் பண்ணுகிறேன். நாலு வருஷமாக ஸ்கெச்சர்ஸ். விலையைப் பார்த்து முதலில் மயக்கம் வந்தது. ஆனால் காலையில் எழுந்து தரையில் குதிகாலை ஊன்றினால் ஊசி குத்துகிற மாதிரி ஒரு வலி இருந்தது, அது குறைந்தது. என் அனுபவம் இது; உங்களுக்கு அந்த வலி இருந்தால் டாக்டரைப் பாருங்கள், கடைக்காரரை நம்பாதீர்கள். வீட்டிலும் மார்க்கெட்டுக்கும் பாட்டாவின் காம்ஃபிட். பாட்டா விலை என்று நாம் கேலி பண்ணுவோமே, எல்லாம் 9-ல் முடியும் என்று, அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது!

இப்போது நான் ஏமாந்த கதை. தங்கச்சி கல்யாணத்துக்கு என்று ஒரு ஜோடி ஹீல்ஸ் எடுத்து, இரண்டே தடவை போட்டு, டிஷ்யூ பேப்பர் சுற்றிப் பெட்டியோடு பரணில் வைத்தேன். மூன்று வருஷம் கழித்து ஒரு ரிசப்ஷனுக்கு எடுத்துப் போட்டேன். மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்திக்கு நடக்கும்போது எனக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ உதிர்ந்திருந்தது. யாரோ கேக்கைத் தட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். பார்த்தால் என் சோல்! அல்வா மாதிரி பிசுபிசுவென்று உதிர்ந்து, பந்தியில் உட்காரும்போது அட்டை மட்டும்தான் மிச்சம்.

கம்பெனி மோசம் என்று அன்றைக்குத் திட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அது பியூ சோல், அதாவது பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக், அதன் குணமே அப்படியாம். காற்றில் இருக்கிற ஈரம் பட்டுப் பட்டு உள்ளுக்குள்ளேயே சிதைந்துபோகும். பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் காப்பாற்ற முடியாது. நல்ல ஜோடி என்று எடுத்து வைக்காமல் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

வாணியம்பாடிக்காரி:

இங்கே எல்லோரும் டாப்ஸ், லெக்கின்ஸ் என்று பேசுகிறீர்கள். நாங்கள் வெளியே போனால் மேலே புர்கா. உள்ளே போட்டிருப்பது நைட்டியா, நல்ல சுடிதாரா, அல்லாஹ்வுக்கும் எனக்கும்தான் தெரியும். வெளியே தெரிவது கைப்பையும் செருப்பும். எங்கள் வீட்டுப் பெண்கள் செருப்புக் கடையில் இரண்டு மணி நேரம் உட்காருவதன் ரகசியம் இதுதான்.

புர்காவுக்கு நிதா துணி எடுங்கள், கனம் இல்லாமல் வழிந்து விழும், இஸ்திரியும் பெரிதாக வேண்டாம். கறுப்பிலேயே மலிவான துணி ஒன்று உண்டு, இந்த ஊர் வெயிலில் அதைப் போட்டால் இட்லிக் குண்டானுக்குள் நிற்கிற மாதிரி. நைட்டிக்கும் உள்ளாடைக்கும் சென்னை போகும்போது நாயுடு ஹால். 1939-லிருந்து இருக்கிற கடை, என் மாமியாரும் அங்கேதான். சைஸ் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை, பெண்களே எடுத்துக் கொடுப்பார்கள்.

ஊசிநூல்:

பாலாற்றங்கரை அக்கா, உங்கள் கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஒன்பது வருஷமாக ஸ்டிச்சிங்கில் இருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

காலையில் கம்பெனி பஸ் வரும். அதில் ஏறுகிற எங்கள் கால்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். அத்தனையும் பாரகன், விகேசி, வாக்கரூ. உள்ளே போனால் மெஷினில் ஓடுவது வெளிநாட்டுக்காரிக்கு 38, 39 சைஸ். நான் தைத்த ஜோடி ஒன்றின் விலையை வெளிநாட்டு வெப்சைட்டில் என் பையன் தேடிக் காட்டினான். ரூபாயில் மாற்றிச் சொன்னான், நான் மூடச் சொல்லிவிட்டேன்.

அது நமக்குக் கிடைத்தாலும் பொருந்துமா என்பது வேறு கதை. ஷூவுக்கு உருவம் கொடுப்பது லாஸ்ட். பிளாஸ்டிக்கில் செய்த கால் அச்சு. நாங்கள் தைத்த அப்பரை, அதாவது ஷூவின் மேல்பகுதியை, அதன் மேல் இழுத்துப் பிடித்து ஒட்டுவார்கள். வெளிநாட்டு ஆர்டருக்கு வருகிற லாஸ்ட் முன்பக்கம் ஒடுங்கி இருக்கும். சின்ன வயதிலிருந்து வெறுங்காலிலும் ரப்பர் செருப்பிலும் நடந்த கால் நம்முடையது, விரல் எல்லாம் விரிந்து கிடக்கிறது. ஒரு தடவை எக்ஸ்போர்ட் ஷூ கடையில் ஆசைப்பட்டு ஒரு ஜோடி எடுத்தேன். நீளம் கச்சிதம். மூன்றாம் நாள் சுண்டுவிரல் தோல் உரிந்துவிட்டது.

இது என் காலுக்கு மட்டும் வந்த வினை இல்லை. அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் காலை அளந்தது. பொதுவாக நம் பாதம் அகலம் என்றுதான் அதிலும் வந்தது. பெண்களுக்கு 11 வயது வாக்கில் கால் வளர்ச்சி உச்சத்துக்கு வந்துவிடுகிறதாம். யூகே, யூரோ அளவை விட்டுவிட்டு 'பா' என்று நமக்கே ஒரு அளவு முறை கொண்டுவரப் போவதாகவும் சொன்னார்கள், பாரத் என்பதன் முதலெழுத்து. அது கடைக்கு வருகிறபோது வரட்டும். அதுவரை நான் பண்ணுவதைச் சொல்கிறேன்.

சாயந்திரம் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும், காலையில் சரியாக இருந்தது சாயந்திரம் கடிக்கும். போவதற்கு முன்னால் பழைய காலண்டர் தாளைத் தரையில் போட்டு அதன் மேல் நின்று, வேறு யாரையாவது பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரையச் சொல்லுங்கள். உட்கார்ந்து வரையாதீர்கள், எடை இறங்கினால்தான் கால் விரியும். அதை வெட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கடையில் செருப்பின் மேல் வைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் தாள் வெளியே நீட்டினால், எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும் எடுக்காதீர்கள். இரண்டு காலையும் வரையுங்கள், ஒன்று கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

யூகே 5 இறுக்கமாகவும் 6 லூஸாகவும் இருக்கிறது என்பவர்கள் யூரோ நம்பர் போட்ட ஜோடியையும் போட்டுப் பாருங்கள். யூகேயில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம், யூரோவில் ஏழுகூட இல்லை. நடுவில் மாட்டிக்கொண்ட காலுக்கு அங்கே இடம் கிடைக்கலாம்.

அப்புறம் உங்கள் அட்டை விஷயம். வாரின் வெட்டு ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள். தோல் என்றால் ஓரத்தில் நார் நாராகத் தெரியும். ரெக்சின் என்றால் மேலே பளபளப்பு, அடியில் துணி. ஓரத்தை மடித்துத் தைத்திருந்தால் உள்ளே இருப்பது தெரியாது. அப்போது சின்னம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஐரோப்பாவுக்குத் தைக்கிற ஷூவில் குட்டியாக ஒரு லேபிள் இருக்கும். உரித்து விரித்த தோல் மாதிரி ஒரு படம் போட்டிருந்தால் தோல். டைமண்ட் போட்டிருந்தால் வேறு ஏதோ. அப்பர், லைனிங், சோல் மூன்றுக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். மேலே தோல் படமும் லைனிங்குக்கு டைமண்டும் இருக்கிற ஜோடி நிறைய வரும், முழுத் தோல் என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

ரெக்சினே கூடாது என்று நான் சொல்லவில்லை. மழையில் நடக்கிறவளுக்குத் தோல் செருப்பு தண்டம். நானே ரப்பர்தான்.

குடியாத்தம் பொட்டிக்:

பெயர்தான் பொட்டிக், இரண்டு மெஷின் போட்டு வீட்டில் தைக்கிறேன். ஹாஸ்டல் தங்கச்சிக்கு ஒன்று: ரேயானோ காட்டனோ, எடுத்ததும் ஒரு ராத்திரி வெறும் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகுதான் தைக்கக் கொடுக்க வேண்டும். ரெடிமேட் என்றால் நீளத்தில் இரண்டு அங்குலம் தாராளமாக எடு. சாயம் போகும் என்று பயந்தால் முதல் தடவை தனியாக அலசு, கல் உப்பு போட்டாலும் மட்டமான சாயம் நிற்காது.

எனக்கு கோ கலர்ஸ் பேன்ட் பிடிக்கும், கலர் மேட்ச் பண்ண அலைய வேண்டாம். ஆனால் ரெடிமேட் டாப்ஸில் எந்த பிராண்ட் எடுத்தாலும் கைக்குழி எனக்கு ஒத்துவருவதில்லை. இடுப்புக்கு எம், மார்புக்கு எல், கைக்கு எக்ஸ்எல் என்று இருக்கிற உடம்புக்கு எவன் லேபிள் போடுவான்?

பாலாற்றங்கரை:

ஊசிநூல், நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலண்டர் தாளில் நான் நிற்க, மகள் வரைந்தாள், கூசிக் கூசிப் பாதி கோடு கோணல். வலது கால் இடதைவிட நாலு மில்லிமீட்டர் நீளம். பிய்ந்துபோனதும் வலது வார்தான்!

சாயந்திரம் மூன்று கடை. முதல் கடையில் தாளை எடுத்ததும் பையன், "மேடம், இது என்ன, மாந்திரீகமா?" என்றான். இரண்டாவதில் எல்லாமே சுண்டுவிரல் பக்கம் நீட்டிக்கொண்டது. மூன்றாவதில் அகலமான ஒரு பாட்டா சாண்டல், தாள் உள்ளேயே அடங்கிவிட்டது. வார் ஓரத்தை நெருடிப் பார்த்தேன், அடியில் துணி. ரெக்சின்தான், தெரிந்தே வாங்கினேன். தோலுக்குத் தீபாவளி போனஸ் வரட்டும்.

வீட்டில் அம்மா பெட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குடி இத்தினி செருப்பு" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. காலண்டரில் இன்னொரு தாளைக் கிழித்துத் தரையில் போட்டு, "ஏறி நில்லும்மா" என்றேன். அவள் பாதத்தை வரைய அந்தத் தாளின் அகலம் போதவில்லை. அறுபத்தெட்டு வயது, வருஷக்கணக்காக ஆண்கள் செருப்பில் 7-ம் நம்பர் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், எங்களிடம் சொன்னதே இல்லை. அகலக் காலுக்குப் பெண்கள் செருப்பு, வேலூரில் எந்தக் கடையில் கிடைக்கும், யாருக்காவது தெரியுமா?