அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் நடுவே மண்ணுக்கு என்ன செய்கிறீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

மன்னார்குடி, நெல் – உளுந்து

மாசி பிறந்துவிட்டால் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஊர் ஊராகப் போகும் மேய்ப்பர்கள், ஆடுகளை ஓட்டிக்கொண்டு எங்கள் ஊர்ப்பக்கம் வந்துவிடுவார்கள். பகலில் அறுத்த வயல்களில் மேய்ச்சல். இரவில், யாரிடம் பேசி முடித்தார்களோ அவருடைய வயலில் கிடை, அதாவது எருவுக்காக ஆடுகளை வயலிலேயே அடைத்துப் படுக்க வைப்பது. உளுந்து தெளித்த வயல்களுக்குச் சித்திரையில், காய் எடுத்த பிறகுதான் முறை வரும்.

இந்த முறை வந்தவர் வயதானவர். கூலி பேசுவதற்கு முன்பே வயலைச் சுற்றி நடந்தார். குனிந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: “கிடை எடுத்த மறுநாளே உழுதுவிடுவீர்களா? இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.” கூலி எப்படியும் அவருக்குக் கிடைக்கத்தான் போகிறது, உழவைப் பற்றி இவருக்கு என்ன கவலை என்று கேட்டேன். “கிடை போட்டும் விளையவில்லை என்றால் என் ஆட்டைத்தானே குறை சொல்வார்கள்” என்றார்.

அவர் சொன்ன காரணம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கிடையின் பலனில் பெரும்பகுதி புழுக்கையில் இல்லை, மூத்திரத்தில் இருக்கிறது. அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) வெயில் பட்டால் அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும். கிடை போட்ட வயலில் காலையில் மூக்கைத் துளைக்கும் நெடி, நாம் காசு கொடுத்து வாங்கிய சத்து பறந்துபோவதன் அடையாளம். மேலாக ஓர் உழவு ஓட்டி மண்ணோடு கலந்துவிட்டால் அது நிலத்திலேயே தங்கும். ஆழ உழ வேண்டிய தேவை இல்லை.

இரவு அவரோடு வயலில் இருந்தேன். ஆடுகள் ஒரே இடத்தில் நெருக்கி அடித்துப் படுத்துவிடும். நடுச்சாமத்தில் அவர் எழுந்து குரல் கொடுத்து எல்லாவற்றையும் கிளப்பி, கிடையைச் சுற்றிக் கட்டிய வலைக்குள்ளேயே மறுபக்கம் தள்ளிப் படுக்க வைத்தார். எழுந்தவுடன் ஆடுகள் மூத்திரம் பெய்யும், புழுக்கை போடும். அந்த எரு நான்கு மூலைக்கும் பரவ வேண்டும் என்பதற்காகத் தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார். மறுநாள் வலையைப் பிடுங்கி அடுத்த பாத்திக்கு நகர்த்தினார். ‘ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்’ என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருப்பதும் உண்மைதான். ஆட்டுப் புழுக்கையில் தழைச்சத்து அதிகம், மட்குவதும் விரைவு. நட்ட பயிருக்கே அது போய்ச் சேரும்.

பயிர் நிற்கும்போது எந்த உரம், எத்தனை மூட்டை என்று சொல்வதற்கு உரக்கடை முதல் டீக்கடை வரை ஆள் இருக்கிறார்கள். வயல் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மண்ணின் வளம் அந்த மாதங்களில்தான் கூடுகிறது, அல்லது குறைகிறது என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் பக்கத்தில் யாரைச் சந்தித்தீர்கள், என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள்.

மணிகண்டம், திருச்சி மாவட்டம்

எங்கள் பகுதி களர் நிலம். காய்ந்தால் கல், நனைந்தால் பிசின். ஏர் இறங்காது, தண்ணீரும் இறங்காது. நான் சொல்லப் போவது என் பக்கத்து வயல்காரரான ஒரு பாட்டியைப் பற்றி. கணவர் இறந்த பிறகு தனியாகப் பயிர் செய்கிறவர்.

ஜிப்சம் போட்டும் களர் மாறவில்லை என்று எங்கள் தெருவில் பலர் அலுத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய வயல் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு தேறிக்கொண்டே வந்தது. போய்ப் பார்த்தேன். கோடையில் அவர் முதலில் செய்த வேலை வடிகால் வெட்டியதுதான். வயலைவிட நன்றாகத் தாழ்ந்த ஒரு வாய்க்காலைக் கடைசி வரப்பை ஒட்டித் தோண்டியிருந்தார். அதன் பிறகுதான் நிலத்தைச் சமப்படுத்தி, ஜிப்சத்தைத் தூவி உழுது, தண்ணீரைத் தேக்கி, வடிய விட்டார். வடிந்ததும் மறுபடி தேக்கினார்.

களரைக் கெடுப்பது மண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியம். ஜிப்சத்திலுள்ள கால்சியம் அதை இடம்பெயர்க்கும். இடம்பெயர்ந்த சோடியம் வெளியேற வழி இல்லையென்றால் அங்கேயேதான் கிடக்கும். பாட்டி இதை, “விரட்டினால் போதுமா, வாசலைத் திறந்து வைக்க வேண்டாமா?” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். வடிகால் இல்லாமல் ஜிப்சத்துக்குச் செலவு செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது தக்கைப்பூண்டு. களரைத் தாங்கி வளரும் பசுந்தாள் பயிர் அது. பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதார். அதற்குப் பிறகே நெல், அதுவும் களரைத் தாங்கும் திருச்சி ரகங்களில் ஒன்று.

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது உவர் நிலம். அதற்கு ஜிப்சம் வேண்டாம். நல்ல தண்ணீர் கட்டி, உப்பைக் கரைத்து வடித்தாலே போதும். எது களர், எது உவர் என்பதை மண் பரிசோதனை சொல்லிவிடும். பார்வையை மட்டும் நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

இராசிபுரம், நான்கு மாடுகள், ஒன்றரை ஏக்கர்

அண்ணன்கள் எல்லோரும் வயலைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் தொழுவத்தைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் மண்ணுக்கான வேலை அங்கேதான் தொடங்குகிறது.

திருமணமாகி வந்தபோது என் மாமியார் தினமும் பொழுது சாய்ந்ததும் மாடுகளுக்கு அடியில் கடலைத் தோல், சோளத்தட்டைக் கழிவு, காய்ந்த சருகு என்று எதையாவது பரப்புவார். எதுவும் இல்லாத நாளில் புழுதி மண். மாட்டுக்கு மெத்தை என்று முதலில் நினைத்தேன். காலையில் அவர் அதைக் கூட்டி அள்ளும்போதுதான் புரிந்தது. இரவு முழுக்க மாடு விட்ட கோமியம் ஒரு சொட்டு விடாமல் அதில் ஊறியிருக்கும். சாணம் எல்லோருடைய குப்பைக்கும் போகிறது. கோமியம் பெரும்பாலான வீடுகளில் சாக்கடைக்குப் போகிறது. தழைச்சத்தும் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) கோமியத்தில்தான் கூடுதல்.

குப்பைக்குழி புளியமர நிழலில் இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து நிரப்பிக்கொண்டே வந்து, நிரம்பிய பகுதியை மண்ணும் சாணமும் குழைத்து மூடிவிடுவோம். வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கும் குப்பையில் சத்து நிற்காது. மட்கிய குப்பையைக் கையில் எடுத்தால் சூடு இருக்காது, சாண நாற்றம் இருக்காது, மழை பெய்த மண்ணின் வாசனை வரும். அப்போதுதான் வயலுக்குப் போகும். மட்காத சாணத்தை அப்படியே கொண்டுபோய் இறைத்தால் களை விதை முளைக்கும், கரையான் வரும், வேர் தின்னும் வெள்ளைப் புழுவும் கூடவே போகும்.

வண்டியில் கொண்டுபோன குப்பையைக் குவியல் குவியலாக வயலில் விட்டுவிட்டு உழவுக்கு வாரக்கணக்கில் காத்திருப்பதையும் என் மாமியார் ஒப்புக்கொள்ள மாட்டார். டிராக்டர் என்றைக்கு வருகிறதோ அன்று காலையில்தான் எங்கள் வீட்டில் குப்பை இறைப்போம். ஏக்கருக்கு ஐந்து டன் என்பது பரிந்துரை. நான்கு மாட்டை வைத்துக்கொண்டு ஒன்றரை ஏக்கருக்கு அந்த அளவைக் கொடுக்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அந்தக் கடலைத் தோலும் சருகும்தான்.

சங்கரன்கோவில், மானாவாரி

எங்கள் பக்கம் கரிசலும் உண்டு, செவலும் உண்டு. என்னுடையது செவல், அதாவது செம்மண். மழை பெய்து மூன்று நாள் வெயில் அடித்தால் ஈரம் காணாமல் போய்விடும். அதற்குக் கோடையில் கண்மாய் வண்டல் அடிப்பதுதான் மருந்து. அரசு அனுமதியோடு வண்டல் எடுக்கலாம். முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டல் அள்ளப் போன இடத்தில் ஒரு பெரியவர் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, கண்மாய்க்குள் நடந்துகாட்டினார். தண்ணீர் உள்ளே வரும் பக்கம் மணல்தான் தங்கும். கரையையும் மடையையும் ஒட்டிய பள்ளத்தில்தான் மாவு போன்ற வண்டல் படியும். அதிலும் மேலடுக்கு மட்டும்தான். கீழே சுக்கான் (சுண்ணாம்புக் கல்) தட்டினால் நிறுத்திவிட வேண்டும். அவர் ஒரு பிடி எடுத்து நனைத்து உருட்டினார். நூல் போலத் திரண்டு, உடையாமல் வளைந்தது. அந்த இடத்தைத்தான் அள்ளச் சொன்னார். சீமைக்கருவேல விதை கொட்டிக் கிடந்த பகுதியைத் தொட வேண்டாம் என்றார். அதை அள்ளினால் சீமைக்கருவேலத்தை நாமே வயலில் விதைத்த கணக்கு.

சித்திரையில் கொட்டிப் பரப்பிவிட்டால் கட்டிகள் வெயிலில் காய்ந்து வெடித்து, முதல் மழையில் தானாகப் பொலபொலவென்று உதிரும். அப்போது சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். ‘சித்திரை மாத உழவு பத்தரை மாற்றுத் தங்கம்’ என்பது மானாவாரிக்காரனுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். விழுகிற மழை வழிந்தோடாமல் உழவுச் சாலில் இறங்கும், மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலுக்கும் கொக்குக்கும் இரையாகும். கரிசல் காட்டுக்கு வண்டல் தேவையில்லை. அங்கே களிமண் ஏற்கெனவே மிகுதி.

வந்தவாசி, நிலக்கடலை

சுருக்கமாக எழுதுகிறேன். எங்கள் ஊருக்கு நடமாடும் மண் பரிசோதனை வாகனம் வந்தபோது ஒருவர் யூரியா சாக்கில் மண் கொண்டுவந்தார். சாக்கில் ஒட்டிய உரம் முடிவைக் கெடுத்துவிடும் என்று வாகனத்திலிருந்த பெண் அலுவலர் வாங்க மறுத்துவிட்டார். மறுத்ததோடு விடாமல் அவருடைய நிலத்துக்கே வந்து எடுத்துக்காட்டினார். மேற்பரப்புக் குப்பையை விலக்கி, ‘வி’ வடிவத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, வெட்டிய பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுத்தார். இப்படிப் பத்துப் பதினைந்து இடங்கள், வளைந்து வளைந்து நடந்து. வரப்போரம், மரநிழல், குப்பை கொட்டிய இடம், கிணற்றோரம் எல்லாம் விலக்கு. எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளி, கடைசியில் அரை கிலோ. நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டினார். இதற்கும் ஏற்ற காலம், அறுவடை முடிந்து அடுத்த உரம் விழுவதற்கு முன்புள்ள இடைவெளிதான்.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவுகள் தருகிறார்கள். பலர் தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் மூன்றை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அங்ககக் கரிமம், துத்தநாகம், போரான் வரிகளையும் பாருங்கள்.

கோபிசெட்டிபாளையம், கரும்பு

கரும்பு வெட்டி முடிந்ததும் சோகைக்கு, அதாவது காய்ந்த கரும்பு இலைக்கு, தீ வைப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் கட்டைக் கரும்பு சீராகத் தழையும், வேலை சுலபம் என்பார்கள். எனக்கு வெட்டு ஆட்களின் மேஸ்திரி ஒருவர் வேறு வழி காட்டினார். பல ஊர்த் தோட்டங்களைப் பார்த்தவர். ஒரு சால் விட்டு ஒரு சாலில் சோகையை இழுத்துப் போடச் சொன்னார். வெறும் சாலில் தண்ணீர் ஓடும். சோகை கிடக்கும் சாலில் களை எழும்பாது, ஈரம் நிற்கும், மண்புழு ஏறும்.

சோகை காய்ந்த பொருள். அது மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தமக்கென்று இழுத்துக்கொள்ளும். அதனால் முதலில் கட்டைக் கரும்பு கொஞ்சம் வெளுத்துத் தெரியும். அதைப் பார்த்து அஞ்சிச் சோகையைக் கொளுத்துகிறவர்கள் உண்டு. சோகை மேல் சாணக் கரைசலைத் தெளித்து, சிறிது யூரியாவையும் தூவி ஈரப்படுத்தினால் அந்தக் குறை நேராது, மட்குவதும் விரையும். நெல் வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறவர்களுக்கும் இதைச் சொல்வேன். பயிர் எடுத்த சாம்பல்சத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது.

பேராவூரணி, முதல் முறை சாகுபடி

மன்னார்குடி அண்ணா, எங்கள் வயலில் ஆழ்குழாய்த் தண்ணீர் கொஞ்சம் உண்டு. சம்பாவுக்கு முன் தக்கைப்பூண்டு போடலாம் என்று இருக்கிறேன். எப்போது விதைப்பது, எப்போது மடக்குவது, சரியாக வளர்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மன்னார்குடி

தம்பி, நாற்று விடும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தாலும், வாய்க்காலின் கடைசியிலுள்ள கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரச் சில நாள் ஆகும். நீங்களோ சம்பாவுக்குத்தான் தயார் செய்கிறீர்கள், அவகாசம் தாராளமாக இருக்கிறது. ஆனியில் ஒரு மழை கிடைத்தாலோ, குழாயில் ஒரு நனைப்புக் கொடுத்தாலோ ஏக்கருக்கு 20 கிலோ விதையைத் தெளித்துவிடுங்கள். ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் கிடைத்தால் ஆறிய கஞ்சியில் குழைத்து விதையோடு கலந்து, நிழலில் உலர்த்தித் தெளியுங்கள். வெயிலில் உலர்த்தினால் நுண்ணுயிர் செத்துவிடும்.

ஒரு மாதம் ஆனதும் ஒரு செடியை மண்வெட்டியால் வேரோடு தோண்டி எடுங்கள், பிடுங்கினால் வேர் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். வேரைத் தண்ணீரில் மெல்ல அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை செய்யவில்லை. முடிச்சு விரல் பட்டதும் தனியாகக் கழன்று வர வேண்டும். கழலாமல் வேரே வீங்கியது போல் இருந்தால் அது நூற்புழு, உடனே வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள்.

45 நாள் வாக்கில் பூ எடுக்கத் தொடங்கும். தண்டை வளைத்தால் பச்சையாக முறிய வேண்டும். நார் இழுத்துக்கொண்டு முறியாமல் நின்றால் முற்றிவிட்டது, மட்க நாளாகும். பூத்ததும் தண்ணீர் கட்டி மடக்கி உழுதுவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் நீரைத் தேக்கி மட்க விடுங்கள். குமிழி விடுவது அடங்கி, மிதித்தால் தண்டு காலடியில் குழைய வேண்டும். அதன் பிறகு நடலாம். விதையை இப்போதே வேளாண்மை விரிவாக்க மையத்தில் சொல்லி வையுங்கள், ஆனி நெருங்கிவிட்டால் தட்டுப்பாடு வந்துவிடும்.