மேஜர் சரவணனின் வீர் சக்ரா: நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

பொன்மலைக்காரன்

மே 29 அன்று வெஸ்ட்ரி பள்ளி ரவுண்டானாவில் மலர்வளையம் வைப்பார்களே, அங்கே நடந்தது. மேஜர் சரவணன் யாரென்று திருச்சிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: 1999 கார்கில் போரில் அதே மே 29 அன்று உயிர் கொடுத்து, போர்க்கள வீரத்துக்கான வீர் சக்ரா விருது பெற்றவர். கூட்டத்தில் வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மா நின்றிருந்தார். புடவையில் வலது பக்கம் ஒரு பதக்கம். ரிப்பன் பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு. பார்த்ததுமே வீர் சக்ரா என்று தெரிந்துவிட்டது. கணவருடையதாம், வேறு படைப்பிரிவு.

பக்கத்தில் சஃபாரி போட்ட ஒருவர், "பதக்கம் இடது பக்கம்தாம்மா குத்தணும், மாத்திக் குத்துங்க" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். அந்த அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. பதக்கத்தின் கனத்தில் புடவை இழுபட்டுச் சுருங்கியிருந்தது, அதைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே, "அவர் குத்தினா இடது பக்கம். நான் குத்தினா வலதுங்க" என்றார்.

அதுதான் முறை. வாங்கியவர் இடப்பக்கம் அணிவார். அவர் இல்லாதபோது குடும்பத்தார் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் வலப்பக்கம் அணியலாம். அந்த மனிதர் அப்போதும் நம்பாமல் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அந்த ஆட்டம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பழைய ஹவில்தார்

நான் மேஜர் சரவணனின் படைப்பிரிவான 1 பீகார் இல்லை. ஆனால் போருக்குச் சில வருஷம் கழித்து கார்கில் பக்கத்து படாலிக்கில் எங்கள் யூனிட் இருந்தது. ஜுபர் மலைப் பக்கம் கை காட்டி, மேஜர் சரவணன் ஏறியது அங்கேதான் என்று அங்கிருந்த ஒரு ஜேசிஓ (இளநிலை அதிகாரி) சொன்னார். அண்ணாந்து பார்த்தேன். மரம் கிடையாது, புதர் கிடையாது, சரிந்து விழுகிற கல் மட்டும்தான். மேலே உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே வருகிற ஒவ்வொரு தலையும் தெரியும். சுமார் 14,000 அடி. பகலில், யாரும் சுடாதபோதே, பத்து அடி வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். மேஜரும் அவருடைய ஆட்களும் ராத்திரியில், சுமையோடு, குண்டு மழைக்குள் ஏறினார்கள்.

1995-இல் சென்னை ஓடிஏ-வில் (ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம்) பயிற்சி முடித்து அதிகாரியானவர். சர்வீஸ் நாலே வருஷம், வயது 26. ராக்கெட் லாஞ்சரால் எதிரியின் பதுங்குகுழியைத் தாக்கினார், சிதறலில் காயம் பட்டும் நிற்காமல் முன்னேறினார். உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்தச் சரிவை நேரில் பார்த்தவனுக்கு ஏன் அவ்வளவு நாள் ஆனது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

உறையூர்க்காரி

பொன்மலைக்காரன் சொல்வது போன்ற ஆட்கள் எங்கேயும் இருக்கிறார்கள். என் பையன் பள்ளிக்குப் பேச வந்த ஒருவர், "பரம் வீர் முதல் பரிசு, மகா வீர் ரெண்டாவது, வீர் சக்ரா மூணாவது பரிசு" என்றார். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். வீரத்துக்கான விருதைப் பந்தயப் பரிசு மாதிரிச் சொன்னதில் எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைச் சொன்னால், சரவணனுக்குப் பரம் வீர் சக்ராவே கொடுத்திருக்க வேண்டும். பெரிய ஊர்க்காரராக இருந்திருந்தால் கொடுத்திருப்பார்கள்.

கல்லணை

ரயில் முன்பதிவு கவுன்டரில் ஒரு பெரியவர், மகனின் வீர் சக்ராவுக்காகக் கிடைத்த பாஸை நீட்டினார். உள்ளே இருந்தவருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. பெரியவர் பேசாமல் வரிசையை விட்டு விலகி நின்றுகொண்டார்.

விருது பெற்ற குடும்பத்தார் யாராவது இதைப் படித்தால் சில விஷயங்கள். விருதுக்கு மாதாமாதம் மத்திய அரசின் தொகை உண்டு. 2017-இல் உயர்த்தியபோது வீர் சக்ராவுக்கு 7,000 ரூபாய், பரம் வீர் சக்ராவுக்கு 20,000. இது பென்ஷனுக்கு மேல் தனி. மரணத்துக்குப் பின் கொடுத்த விருது என்றால் மனைவிக்கு. திருமணமாகாதவர் என்றால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வரும். வரவில்லையென்றால் வங்கியில் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். விருது அறிவிப்பு வந்த அரசிதழின் நகல், பென்ஷன் ஆணை இரண்டையும் கையில் வைத்திருங்கள். மாநில அரசின் தொகை வேறு, அதையும் அங்கேயே கேளுங்கள். அப்புறம், பதக்கம் வெள்ளி. கறுத்துப்போனால் பித்தளை தேய்க்கிற பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். பின்பக்க எழுத்து மழுங்கிவிடும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

பழைய ஹவில்தார்

உறையூர்க்காரி அம்மா, மூன்றாம் பரிசு என்றவரிடம் உங்களுக்கு வந்த கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ஊரைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கார்கிலில் பரம் வீர் சக்ரா மொத்தமே நான்கு பேருக்கு. அதில் சஞ்சய் குமார் ரைஃபிள்மேன், யோகேந்திர சிங் யாதவ் கிரெனேடியர். இருவருமே சாதாரண சிப்பாய்கள், கிராமத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு எந்தப் பெரிய ஊர் பின்னால் நின்றது?

இன்னொன்று. அதே தாக்குதலில், அதே 1 பீகாரில், நாயக் என்ற கீழ்ப்பதவியில் இருந்த கணேஷ் பிரசாத் யாதவும் உயிர் கொடுத்து வீர் சக்ரா பெற்றார். மேஜருக்கும் நாயக்குக்கும் ஒரே பதக்கம், ஒரே ரிப்பன். அதைக் குறைத்துப் பேசினால் இரண்டு பேரையும் குறைத்தது ஆகும். பையன் பள்ளியில் அடுத்த முறை உங்களையே பேசக் கூப்பிட்டால், அந்த நாயக் பெயரையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.